சோபாவிலிருந்து எத்தனை அடி?

சென்னை ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு கேட்டு எந்தக் கடைப் படி ஏறினாலும் முதலில் வருவது, "பட்ஜெட் எவ்வளவு சார்?" அடுத்தது, "என்ன கேம் ஆடுவீங்க?" மேஜைமேல் மானிட்டர் வைத்து ஆடுகிறவருக்கு இந்த இரண்டு கேள்விகளே போதும். ஹால் டிவியில் இணைத்து, சோபாவில் சாய்ந்து, கையில் கன்ட்ரோலரோடு ஆடப் போகிறவருக்கு மட்டும் இன்னொன்று கேட்டாக வேண்டும்: சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே எத்தனை அடி? இதைக் கடைக்காரர் கேட்பதில்லை, வாங்குகிறவரும் யோசிப்பதில்லை. 4கே டிவி என்பதால் 4கே கார்டு என்று கணக்குப் போட்டுத் தேவைக்கு மேல் பணத்தைக் கொட்டுகிறவர்கள் ஒரு பக்கம். மிச்சம் பிடிப்பதாக நினைத்து, டிவியில் இணைத்ததுமே திணறத் தொடங்கும் கார்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மறுபக்கம்.

ஹாலில் ஆட பிளேஸ்டேஷன் இருக்கிறதே, கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 2024 நவம்பரில் பிஎஸ்5 புரோ உலகச் சந்தைக்கு வந்தபோது இந்தியாவுக்கு வரவில்லை. அதிலிருந்த வைஃபை 7, 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவது; அந்த அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை. பழைய பிஎஸ்5-ஐவிடக் கூடுதல் தரம் வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர்தான் வழி என்றானது. ஸ்டீமில் தள்ளுபடியில் வாங்கிக் குவித்த கேம்கள் வேறு இருக்கும். தம்பியோ மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து ஆடும் 'ஸ்பிளிட் ஃபிக்ஷன்' போன்ற கேம்களை 24 அங்குல மானிட்டர் முன்னால் இரண்டு நாற்காலியை நெருக்கிப் போட்டு ஆடுவது கொடுமை.

கண்ணின் கணக்கு

4கே திரையில் 3840 புள்ளிகள் அகலத்துக்கும் 2160 புள்ளிகள் உயரத்துக்குமாக, மொத்தம் 82,94,400 புள்ளிகள். ஃபுல் ஹெச்டி எனப்படும் 1080பி-யில் 20,73,600. சரியாக நான்கில் ஒரு பங்கு. நடுவில் உள்ள 1440பி-யில் 36,86,400. கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கண்டுபிடித்தாக வேண்டும். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 4கே-யில் அது ஏறக்குறைய 50 கோடி புள்ளிகள். கார்டின் விலை இங்கேதான் ஏறுகிறது.

இத்தனை புள்ளிகளையும் சோபாவில் இருப்பவரின் கண் பிரித்துப் பார்க்கிறதா? கண் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலின்படி, குறையில்லாத பார்வை உள்ளவரால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியும். அதைவிடச் சின்னதாக இருந்தால் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். இதை டிவிக்குப் பொருத்திப் பார்ப்போம். 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ. அதில் 4கே புள்ளி ஒன்றின் அளவு 0.32 மி.மீ. அந்தப் புள்ளியைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் திரையிலிருந்து மூன்றரை அடிக்குள் உட்கார வேண்டும். 1440பி புள்ளிக்கு ஐந்தரை அடி. 1080பி புள்ளிக்கே எல்லை ஏழு அடி சொச்சம்தான். 65 அங்குல டிவியில் இந்த எல்லைகள் சற்று நீளும்: 4கே-வுக்கு நாலே கால் அடி, 1440பி-க்கு ஆறே கால், 1080பி-க்கு எட்டரை.

நம் அடுக்குமாடி வீட்டு ஹால்களில் சோபா பெரும்பாலும் எட்டு, பத்து அடி தள்ளித்தான் கிடக்கிறது. அங்கிருந்து 55 அங்குல டிவியைப் பார்க்கிறவருக்கு அசல் 4கே-வும் அசல் 1440பி-யும் வெறும் புள்ளிக் கணக்கில் ஒன்றுதான். மேஜை மானிட்டரின் கதை வேறு. 27 அங்குல 1440பி மானிட்டரை இரண்டடி தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது புள்ளிகள் கண்ணுக்குத் தட்டுப்படும். நாம் படிக்கும் கிராபிக்ஸ் கார்டு விமர்சனங்களில் பெரும்பாலானவை அந்த மேஜைக்காக எழுதப்பட்டவை.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். புள்ளி தனியாகத் தெரியாவிட்டாலும் மினுக்கம் தெரியும். மின்கம்பி, வேலி, மரத்து இலை, தலைமுடி போன்ற மெல்லிய உருவங்கள் கேமில் நகரும்போது ஓரங்கள் பளிச் பளிச்சென்று துடிக்கும். அசைவைப் பிடிப்பதில் நம் கண் கெட்டிக்காரக் கண். பத்தடி தூரத்திலிருந்தும் அந்தத் துடிப்பு உறுத்தும். ஆகவே வெறுமனே 1080பி-யில் ஓடவிட்டு டிவி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. படம் நிலையாக நிற்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் அப்ஸ்கேலிங்.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் ஆகிய மூன்றும் அடிப்படையில் ஒரே காரியத்தைச் செய்பவை. கேமைக் குறைந்த புள்ளிகளில் வரைந்து, முந்தைய ஃப்ரேம்களில் கிடைத்த விவரங்களையும் சேர்த்து, 4கே படமாகக் கட்டி எழுப்புகின்றன. 4கே டிவியில் டிஎல்எஸ்எஸ்-ஐ 'குவாலிட்டி'யில் வைத்தால் கார்டு வரைவது 1440பி. 'பெர்ஃபார்மன்ஸ்'-இல் வைத்தால் 1080பி. முந்தைய ஃப்ரேம்களைச் சேர்த்துக்கொள்வதால் அந்த ஓர மினுக்கமும் அடங்குகிறது. மேஜையில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் 'பெர்ஃபார்மன்ஸ்' படத்தில் குறை கண்டுபிடிக்கலாம். சோபாவிலிருந்து எனக்குத் தெரிவதில்லை. கண்ணாடி போட்டும் தெரிவதில்லை. ஏஎம்டி இதில் நெடுநாள் பின்தங்கியிருந்தது. 2025 மார்ச்சில் ஆர்எக்ஸ் 9070 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4-தான் இயந்திரக் கற்றலுக்கு மாறி அந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்தது. பழைய ஆர்எக்ஸ் 6000, 7000 கார்டுகளை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், டிவிக்கு என்கிறபோது இந்த ஒரு காரணத்துக்காகவே யோசிப்பேன்.

ஃப்ரேம் ஜெனரேஷன் என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே கற்பனை ஃப்ரேம்களைச் செருகி, எண்ணிக்கையை இரண்டு, மூன்று, நான்கு மடங்காகக் காட்டுவது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை விளம்பரங்களில் வரும் பிரம்மாண்ட எண்களில் பாதி இதன் கைங்கரியம். படம் வழவழப்பாகும், ஆனால் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம் குறையாது, சற்றுக் கூடத்தான் செய்யும். ஏற்கெனவே 60 ஃப்ரேம் வந்துகொண்டிருந்தால் இதைப் போட்டுக்கொள்ளலாம். 25 வருவதை 60 ஆக்க இதை நம்பி கார்டு வாங்காதீர்கள்.

எட்டு ஜிபி என்னும் பொறி

கண்ணின் கணக்கைக் கேட்டதும், "அப்படியானால் இருப்பதிலேயே மலிவான கார்டு போதும்" என்று முடிவுகட்டினால் இடிக்கும் இடம் இதுதான். கார்டு வரைவது 1080பி ஆனாலும் கட்டி முடிக்கும் படம் 4கே. இறுதிப் படத்துக்கான நினைவக இடம், 4கே அளவுக்கு ஏற்றிவைக்கும் டெக்ஸ்சர்கள், அப்ஸ்கேலிங் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் இடம் எல்லாம் சேர்ந்து கார்டின் நினைவகமான வீ-ரேமை விழுங்கும். ஃப்ரேம் ஜெனரேஷனையும் போட்டால் இன்னும் கூடும். வீ-ரேம் நிரம்பிவிட்டால் கேம் சீராக வேகம் குறையாது. ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று விக்கும், சுவர்களும் முகங்களும் களிமண்போல் மழுங்கும். 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' போன்ற அண்மைக்கால கேம்களில் 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள்.

கம்பெனிகள் செய்யும் குசும்பும் இங்கேதான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு கார்டுகள். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் அப்படியே. 2025-இல் அறிவித்த விலைகளின்படி என்விடியாவில் இரண்டுக்கும் வித்தியாசம் 50 டாலர்: 379, 429. ஏஎம்டியிலும் 50 டாலர்தான்: 299, 349. பெட்டியின் மூலையில் இருக்கும் அந்தச் சிறிய எண்ணைப் பார்க்காமல், "அதே கார்டு, இங்கே விலை கம்மி" என்று வாங்கிவிட்டால் போயிற்று. பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 5060 டிஐ, மதர்போர்டோடு எட்டு தடங்கள் வழியாக மட்டுமே பேசும். 9060 எக்ஸ்டி-க்குப் பதினாறு. பிசிஐஇ 3.0 போர்டில், வீ-ரேம் நிரம்பி வழியும் நேரத்தில், அந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கும்.

இன்டெலின் ஆர்க் பி580 நடுவில் 12 ஜிபியோடு நிற்கிறது. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு அறிமுகமானது. புதிய பிராசஸரும் 'ரீசைஸபிள் பார்' வசதியுள்ள போர்டும் இருந்தால் நல்ல சரக்கு. ஆறேழு வருடப் பழைய கம்ப்யூட்டரில் செருகினால் அதன் முழுப் பலனும் கிடைக்காது.

ஒரு கேபிள், ஒரு துளை

மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் இருக்கும். டிவியில் கிட்டத்தட்ட எப்போதும் ஹெச்டிஎம்ஐ மட்டும்தான். எனவே கார்டின் ஹெச்டிஎம்ஐ எந்தத் தலைமுறை என்பது டிவிக்காரருக்கு உயிர்நாடி. ஹெச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 கிகாபிட் கடத்தும். 4கே-யில் 60 ஹெர்ட்ஸ் வரை போகலாம். 2.1-இன் உச்சம் 48 கிகாபிட். 4கே-யில் 120 ஹெர்ட்ஸ். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்தும், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்தும் 2.1 உண்டு, இரண்டும் 2020-இல் வந்தவை. ஆர்டிஎக்ஸ் 20, ஜிடிஎக்ஸ் 16, 10 எல்லாம் 2.0.

டிவிப் பக்கம் நிலவரம் இத்தனை தெளிவாக இல்லை. பெட்டியில் 2.1 என்று போட்டிருந்தாலே 120 ஹெர்ட்ஸ் என்று பொருள் கிடையாது. 2.1-இன் பெரிய வசதிகள் எல்லாம் விருப்பத்துக்கு உட்பட்டவை என்பதுதான் அந்தத் தரநிலையை நிர்வகிப்பவர்களின் நிலைப்பாடு. 60 ஹெர்ட்ஸ் டிவியும் அந்த முத்திரையோடு சட்டப்படி விற்கலாம். "120 மோஷன் ரேட்" என்பது இருக்கும் 60 ஃப்ரேமை மென்பொருளால் வழவழப்பாக்கும் வித்தை. டிஎல்ஜி என்ற பெயரில் சில டிவிகள் செய்வது, செங்குத்துத் தெளிவைப் பாதியாக்கிவிட்டு 120 காட்டுவது. அதை ஏமாற்று என்று ஒதுக்க மாட்டேன், வேகமான கேம்களுக்கு அது பயன்படும்; ஆனால் அசல் 120 பேனலின் விலைக்கு வாங்கக் கூடாது. அசல் 120 டிவிகளிலும் நான்கு துளைகளில் இரண்டு மட்டுமே முழு வேகத்தில் வேலை செய்வது சாதாரணம். அந்த இரண்டில் ஒன்று சவுண்ட்பாருக்கான இஆர்க் துளையாக இருந்து தொலைக்கும்.

செருகியதும் வேலை முடிந்துவிடாது. டிவியின் அந்தத் துளைக்கு முழு வேகத்தைத் திறந்துவிட வேண்டும். சோனியில் அது 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'ஹெச்டிஎம்ஐ டீப் கலர்' என்று மெனுவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். இன்புட்டுக்கு 'பிசி' என்று பெயர் வைத்தால் பல டிவிகளில் எழுத்துகளின் நிறக் கசிவு நீங்கிவிடும். ஸ்டீமின் எழுத்துகள் மங்கலாக இருக்கிறதே என்று கார்டைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கார்டும் டிவியும் வெவ்வேறு வண்ண வீச்சில் பேசிக்கொண்டிருக்கின்றன; 'ஃபுல்', 'லிமிடெட்' இரண்டில் ஒன்றை இரண்டு பக்கமும் ஒத்துப்போகச் செய்தால் சரியாகிவிடும். கேம் மோடு கட்டாயம். அது இல்லாமல் சினிமா மோடில் ஆடினால் பல டிவிகளில் நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை தாமதம் வரும். எந்தக் கார்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

120 ஹெர்ட்ஸ் டிவியின் உண்மையான லாபம் 120 ஃப்ரேமில் இல்லை என்பது என் கட்சி. இரண்டு இடங்களில் அது உதவுகிறது. ஒன்று, விஆர்ஆர். கார்டு 52 ஃப்ரேம் தந்தால் டிவியும் 52 முறை புதுப்பித்துக்கொள்ளும். படம் கிழியாது, தட்டாது. பல டிவிகளில் இது 40-இலிருந்து 120 வரை வேலை செய்கிறது. இதனால் நடுத்தரக் கார்டின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது.

இன்னொன்று, 40 ஃப்ரேம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 60 ஹெர்ட்ஸ் டிவியில் 60-ஐ எட்டாத கேமைச் சீராக ஓட்ட வேண்டுமானால் 30-க்கு இறங்க வேண்டும். நடுவில் வேறு படி இல்லை. 120-ஐ மூன்றால் வகுத்தால் 40. எண்ணைப் பார்த்தால் 30-க்கும் 60-க்கும் நடுவில் 45 அல்லவா என்று தோன்றும். நேரத்தை வைத்துப் பாருங்கள். 30 ஃப்ரேமில் ஒவ்வொன்றும் 33.3 மில்லி நொடி நிற்கும், 60-இல் 16.7. இரண்டுக்கும் சரியான நடு 25 மில்லி நொடி, அதாவது 40 ஃப்ரேம். 2021-இல் பிஎஸ்5-இல் 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' இந்த வழியைக் காட்டியது. கம்ப்யூட்டரில் எந்த கேமிலும் நாமே செய்துகொள்ளலாம். கன்ட்ரோலரில், நிதானமாக நடந்து கதை பார்க்கும் கேம்களில், 40 முற்றிலும் போதுமானது; கார்டு செய்யும் வேலையும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மறுபுறம் 'எல்டன் ரிங்' கம்ப்யூட்டரிலும் 60-க்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டது. அதை மட்டும் ஆடுகிறவருக்கு 120 ஹெர்ட்ஸ் வீண்.

ஹாலில் ஏறும் சூடு

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180, ஆர்எக்ஸ் 9070 220, ஆர்டிஎக்ஸ் 5070 250, 5090 575. கார்டு உறிஞ்சும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக ஹாலுக்குள்தான் வருகிறது. 5090 ஒன்று ஏழெட்டு சாதாரண மின்விசிறிகளுக்கான மின்சாரத்தைத் தின்னும். நடுத்தரக் கார்டுள்ள கம்ப்யூட்டர் மொத்தமாக 300 வாட் எடுப்பதாக வைத்து, தினம் இரண்டு மணி நேரம் ஆடினால், இரண்டு மாத பில்லில் 36 யூனிட். 5090 உள்ள 800 வாட் பெட்டிக்கு அதே கணக்கில் 96. வீட்டுக்குத் தரும் இலவச 100 யூனிட் அங்கேயே முடிந்தது.

டிவிக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் கேபினெட்டைத் தள்ளி வைப்பது நம் வீடுகளுக்கே உரிய பழக்கம். அழகாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் உள்ளே காற்று கொதிக்கும், கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், விசிறிகள் அலறும். மே மாத சென்னையில் கதவைத் திறந்து வைத்தாலும் சிரமம். பின்பக்கப் பலகையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போடச் சொல்லுங்கள். தச்சர் கூலி கார்டு விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கினால் ஃப்ரேமில் இழப்பு சொற்பம், சத்தத்தில் லாபம் கணிசம். சின்னக் கேபினெட்டுக்குக் கார்டின் நீளத்தையும் தடிமனையும் டேப் வைத்து அளந்துவிட்டுக் கிளம்புவது நல்லது. வீட்டு இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையா என்றும் பார்த்துவிடுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் பலவற்றுக்குச் சதுர அலை ஒத்துவராது.

விண்டோஸ் வேண்டாம், ஸ்டீம் கன்சோல்போல் நேரே திரைக்கு வரட்டும் என்று லினக்ஸுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வேண்டாத கதை காத்திருக்கிறது. ஹெச்டிஎம்ஐ ஃபோரம் தன் தரநிலை ஆவணங்களைப் பூட்டி வைத்திருக்கிறது. ஏஎம்டியின் லினக்ஸ் டிரைவர் யாரும் திறந்து படிக்கக்கூடியது. 2.1-ஐ அதில் சேர்க்க ஏஎம்டி வைத்த கோரிக்கையை 2024 பிப்ரவரியில் ஃபோரம் நிராகரித்தது. கார்டில் வசதி இருந்தும் லினக்ஸில் ஏஎம்டி ஹெச்டிஎம்ஐ 2.0 அளவிலேயே நின்றது. 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் மெஷின், ஹாலுக்கென்றே செய்யப்பட்ட பெட்டி; அதன் விவரக் குறிப்பிலும் ஹெச்டிஎம்ஐ 2.0 என்றுதான் இருந்தது, வீ-ரேம் 8 ஜிபி. டிஸ்பிளேபோர்ட்டை ஹெச்டிஎம்ஐ 2.1 ஆக்கும் அடாப்டர் போட்டு 4கே 120 வாங்குகிறார்கள். ஆனால் விஆர்ஆர் எல்லா அடாப்டரிலும் வராது. லினக்ஸும் 120 ஹெர்ட்ஸ் டிவியும் என்றால் என்விடியா குறைந்த தலைவலி.

சரி, எதை வாங்குவது? 43 அங்குல ஃபுல் ஹெச்டி டிவிக்குச் செகண்ட்ஸில் கிடைக்கும் ஆர்எக்ஸ் 6600 தாராளம். மேலே 6000 வரிசையைப் பற்றிச் சொன்ன தயக்கம் 4கே டிவிக்குத்தான், இங்கே அப்ஸ்கேலிங்குக்கு வேலையே இல்லை. 50, 55 அங்குலத்தில் 60 ஹெர்ட்ஸ் 4கே டிவி, எட்டடி சோபா என்றால் 9060 எக்ஸ்டி அல்லது 5060 டிஐ, இரண்டிலும் 16 ஜிபி மட்டும். 65 அங்குலமும் அசல் 120-ம் இருந்து, ரே டிரேசிங்கில் 'சைபர்பங்க் 2077' பார்க்க ஆசையும் இருந்தால் 9070 அல்லது 5070 டிஐ. 12 ஜிபியோடு வரும் 5070-ஐ அந்த விலைக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு மேலுள்ள கார்டுகள் ஆறடிக்குள் உட்காருகிறவர்களுக்கு. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவருவதால் ரூபாய்க் கணக்கை எழுதினால் இதழ் கைக்கு வருவதற்குள் பழையதாகிவிடும்.

வீட்டில் ஏற்கெனவே ஆர்டிஎக்ஸ் 2060, 2070 போன்ற கார்டும், 60 ஹெர்ட்ஸ் டிவியும் இருப்பவர்கள் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால் டிவி என்பேன். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அந்தப் பழைய கார்டின் ஹெச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கே 120 போகாதுதான், ஆனால் 1440பி 120 போகும். புதிய 120 ஹெர்ட்ஸ் டிவிகள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்கின்றன. டிஎல்எஸ்எஸ் அதிலும் ஓடும். விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் 2560-ஐயும் 120-ஐயும் தேர்ந்தெடுத்துவிட்டுச் சோபாவுக்குப் போங்கள். எட்டடி தூரத்தில், கார்டை மாற்றலாமா என்ற கேள்வியை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிவைக்கலாம்.